மாமா கறுப்பு வெள்ளையான கல்யாணம்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை இன்னும் நன்றாக ஓட வைக்கிறேன் என்று கை வைக்கும் வியாதி ஒன்று உண்டு. எங்கள் துறையில் அதற்கு ‘அப்டேட்’ என்று பெயர். படித்தவர்களுக்குத்தான் அதிகம் வரும். எனக்கு அது அக்காவின் கல்யாண வாரத்தில் வந்தது.

பதுளையில் ஒரு கணினி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன், பழுதும் பார்க்கிறேன். எதையும் பட்டியல் போட்டுச் செய்கிறவள். அழுவதற்குக்கூட முதலில் காரணங்களை வரிசைப்படுத்திக்கொண்டுதான் உட்காருவேன் என்று அக்கா சொல்வாள். (பொய். ஒரே ஒரு தடவைதான்.) வீடு மடுல்சீமைப் பக்கத் தோட்டம் ஒன்றில். அங்கே கணினி தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் டிவி, தையல் மெஷின், கோயில் மைக் செட் எல்லாமே என் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. ‘கொஞ்சம்’ என்பது என் கணக்கு. வீட்டில் வேறு அளவு சொல்வார்கள்.

அக்கா தேவிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “எங்கண்ணன் வரணும்.”

அம்மாவுக்கு ஒரே அண்ணன். ராசு மாமா. இதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பிறகு தெமோதரையில் பலசரக்குக் கடை போட்டவர். தாத்தா இறந்த சமயம் அச்சடித்த மரண அறிவித்தலில், பிள்ளைகள் வரிசையில் மாமாவின் பெயர் இல்லாமல் போய்விட்டது. பெயர்களை அச்சகத்துக்குப் போனில் சொன்னவர் எங்கள் அப்பா. சொன்னேன் என்று அவர் சத்தியம் செய்கிறார், வரவில்லை என்று அச்சகம் சத்தியம் செய்தது. சாவு வீட்டுக்கு வந்த மாமா பஸ் நிறுத்தத்தில் இறங்கி, போஸ்ட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸை நின்று நிதானமாக வாசித்திருக்கிறார். “எங்கப்பனுக்கு நான் பொறக்கலையா?” என்று போஸ்ட்டைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். கொள்ளி வைத்துவிட்டு அப்படியே பஸ் ஏறியவர்தான். கருமாதிக்கு வரவில்லை. அதன் பிறகு எதற்கும் வரவில்லை.

மணப்பெண்ணைக் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு வருவது எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் வேலை. மாமா வராவிட்டால் வேறு யாராவது முறைக்கு நிற்கலாம்தான். அப்படி யோசனை சொன்ன அப்பாவுக்கு அன்றைக்கு இரவு சாப்பாடு ஆறித்தான் கிடைத்தது. கடைசியில் அம்மாவும் அப்பாவும் வெற்றிலை பாக்கோடு தெமோதரைக்குப் போனார்கள். மாமா திண்ணென்று உட்கார்ந்திருந்தாராம். “வரேன்” என்று ஒரு சொல். அதுவும் அம்மாவைப் பார்த்து இல்லை, தராசைப் பார்த்து.

வரும் வழியிலேயே அம்மா முடிவு செய்துவிட்டார். “பேனர்ல அண்ணன் படம் இருக்கணும். பேரும் இருக்கணும். எம்புட்டு பெருசா போட முடியுமோ அம்புட்டு பெருசா போடு பவி. அன்னைக்கி நோட்டீஸ்ல விட்டதுக்கு இது பதில்.”

பவி என்பது நான். பேனர் அடிப்பது என் பொறுப்பு. அதாவது, அச்சுக் காகிதத்தால் முறிந்த உறவை அச்சுத் துணியால் ஒட்டும் பொறுப்பு.

எங்கள் பக்கத்து பேனர்களுக்கு ஒரு முறை உண்டு. உயிரோடு இருப்பவர்கள் கலரில் இருப்பார்கள். இறந்தவர்கள் மேல் மூலையில், கறுப்பு வெள்ளையில் இருப்பார்கள். பல பேனர்களில் அவர்கள் படத்துக்குக் கீழே ஒரு விளக்கும் எரியும். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து ஒரு பார்வை பார்த்தாலே அந்தக் குடும்பத்தில் யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். தாத்தாவின் ஒரே படம் ஸ்டூடியோவில் எடுத்த கலர்ப்படம். ரோஸ் சால்வை, பின்னால் நீல வானம், உதட்டில் யாரோ ஆர்வக்கோளாறில் சிவப்புக்கூடத் தீட்டியிருந்தார்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக்கி மேல் மூலையில் வைக்க வேண்டும். மாமாவின் கலர்ப்படத்தை நடுவில் பெரிதாக வைக்க வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஒரு பிற்பகல் போதும்.

அந்தப் பிற்பகலில்தான் என் கணினி, வீடியோ கார்டுக்குப் புதிய டிரைவர் வந்திருப்பதாகச் சொன்னது.

தெரியாதவர்களுக்காக: வீடியோ கார்ட் என்பது திரையில் படம் வரையும் பாகம். டிரைவர் என்பது கணினி சொல்வதை அந்தக் கார்டுக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லும் மென்பொருள். துரை சொல்வதை மலையில் நிற்பவர்களுக்குக் கங்காணி எடுத்துச் சொல்கிற மாதிரி. என் கார்ட் யாரோ பாவித்து விற்றது, நான் பதுளையில் வாங்கியது. அதற்கு அந்தப் பழைய கங்காணியே போதும். ஆனால் கல்யாணம் நடக்கும் தோட்டத்து மண்டபத்தில் ஓட்ட ஒரு படத்தொகுப்பும் செய்வதாக அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். புதிய டிரைவர் வேகத்தைக் கூட்டும் என்று போட்டிருந்தது. சரி என்பதை அழுத்தினேன்.

திரை இருண்டது. வந்தது. மறுபடி இருண்டது. பிறகு தூசி விழுந்த கண் மாதிரிச் சிமிட்டத் தொடங்கியது.

நான் பதறவில்லை. பதறாமல் இருப்பதுதான் என் தொழில். இப்படிப்பட்ட நேரத்தில் நான்கு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டிரைவர் உறக்கம் கலைந்து எழும்பும் என்று மாணவர்களுக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி. நான்குக்கும் இரண்டு கை வேண்டும். என் ஒரு கையில் பிளேன்டீ இருந்தது. அதைக் கீழே வைக்கலாம் என்று தோன்றவில்லை. (தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.) மறு கையின் விரல்களை விரித்து, நண்டு மாதிரி விசைப்பலகையில் கவிழ்த்து, விடாமல் நாலைந்து தடவை அமுக்கினேன்.

சிமிட்டல் நின்றது. நிறமும் நின்றது.

திரை முழுக்கச் சாம்பல். அக்காவின் நிச்சயதார்த்தப் பட்டுச் சேலை சாம்பல், மாப்பிள்ளை சாம்பல், பின்னால் இருந்த தேயிலை மலை முழுவதும் சாம்பல். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “என்னாடி, எழவு வீடு மாதிரி இருக்கு” என்றாள். அப்பா பார்த்துவிட்டு, “பழைய டிவி மாதிரி நல்லாத்தானே இருக்கு” என்றார். நான் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒரு பட்டியல் போட்டேன்.

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் திரையில் தெரிவதைப் படமாகப் பிடித்து, பண்டாரவளையில் இருக்கும் என் வகுப்புத்தோழி ஷர்மிக்கு அனுப்பினேன்.

“எப்படித் தெரியுது?”

“நல்லாத் தெரியுது. தேவி அக்கா சாரி கலர் சூப்பர்.”

“கலர்லயா தெரியுது?”

“பின்ன? ஏன், உனக்குக் கண்ணுல ஏதும் கோளாறா?”

ஆக, கணினிக்குள்ளே நிறம் பத்திரமாக இருக்கிறது. வெளியே வரும்போதுதான் செத்துப்போகிறது. அப்படியென்றால் மொனிட்டர் பழுது. தோட்டத்தின் அடுத்த டிவிசனில் டியூஷன் நடத்தும் சாந்தி டீச்சரிடம் போய் அவரது மொனிட்டரைக் கடன் வாங்கி, பெட்ஷீட்டில் சுற்றி, தலையில் வைத்துக்கொண்டு தேயிலைக்குள் குறுக்கு வழியாக வந்தேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“என்னா பவி, மாப்பிள்ளைக்கி டிவியா?”

“இல்லக்கா, மொனிட்டர்.”

“அதுல நாடகம் வருமா?”

“வராதுக்கா.”

“அப்ப எதுக்குக் குடுக்கிறீங்க?”

அந்த மொனிட்டரிலும் சாம்பல். அப்படியென்றால் கார்ட். கார்டைக் கழற்றி, அதன் பித்தளைப் பற்களை அழிறப்பரால் தேய்த்துப் பூட்டினேன். சாம்பல். புதிய டிரைவரை நீக்கிவிட்டுப் பழையதைப் போட்டேன். சாம்பல். இரண்டையும் நீக்கிவிட்டு ஒன்றுமே இல்லாமல் ஓடவிட்டேன். எழுத்துகள் யானை மாதிரிப் பெரிதாயின, ஆனால் அந்த யானையும் சாம்பல்தான். பட்டியலில் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்தேன். முடிவில் எல்லாமே வெட்டுப்பட்டு, பழுது மட்டும் முழுதாக இருந்தது.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவளும் நிறுத்தியிருப்பாள். அக்கா சொன்னாள், “பேசாம படங்கள பென் டிரைவ்ல போட்டுக் குடு. பதுளையில நிமல் அண்ணனே செஞ்சு தருவாரு.” நிமல் அண்ணன் நாங்கள் வழக்கமாக பேனர் அடிக்கும் கடைக்காரர். நல்ல யோசனை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. கணினி படித்த தங்கை வீட்டில் இருக்க, பேனரைக் கடையில் வரைந்தார்கள் என்று ஆவதா?

“நெறம் தெரியாட்டி என்ன? நம்பர் தெரியுமே” என்றேன்.

உண்மைதான். கணினியில் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் இருக்கிறது. மெரூனுக்கு ஒன்று, தங்கத்துக்கு ஒன்று, வாழையிலைப் பச்சைக்கு ஒன்று. கண்ணால் பார்க்காமலே எண்ணைத் தட்டி நிறம் போடலாம். போட்டேன். பின்னணி மெரூன், எழுத்து தங்கம், ஓரத்தில் மாவிலை. என் கண்ணுக்கு எல்லாம் ஒரே சேறு. ஆனால் எண்கள் சரி என்பதால் நிறங்களும் சரி. என் மேல் எனக்கே ஒரு மரியாதை வந்த மணித்தியாலங்கள் அவை.

கடைசியில் இரண்டு வேலைகள் மிஞ்சின. தாத்தா படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது, சேமிப்பது. தாத்தாவின் படத்தைத் தொட்டுத் தெரிவு செய்தேன். அந்த நேரத்தில் அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பின்னால் நின்றார்.

“அண்ணன் எங்க?”

“இந்தா நடுவுல.”

“பேரு?”

“இந்தா பாருங்க. ‘தாய்மாமன்’னு போட்டு, கீழ முழுப் பேரும் இருக்கு.”

அம்மா விரலால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தார். இரண்டு தடவை. பிறகு, “இன்னுங் கொஞ்சம் பெருசாக்க ஏலாதா?” என்றார்.

“இதுக்கு மேல போனா மாப்பிள்ளைய விட பெருசாயிருவாரு.”

“ஆகட்டுமே. மாப்பிள்ள இனிமே தெனமும் வருவாரு.”

மாமாவின் படத்தைத் தெரிவு செய்து இழுத்துப் பெரிதாக்கினேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் பட்டியலைப் பார்த்தேன். அடுத்தது, கறுப்பு வெள்ளை. விசையை அழுத்தினேன். திரையில் எதுவும் மாறவில்லை. மாறாதே, எல்லாம் ஏற்கெனவே சாம்பல்தானே. பட்டியலில் அந்த வரியை வெட்டினேன். சேமித்தேன்.

தாத்தாவை விட்டு மாமாவுக்குப் போன நான் திரும்பவும் தாத்தாவுக்கு வரவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் பதுளைக்குப் போய் நிமல் அண்ணனிடம் பென் டிரைவைக் கொடுத்தேன். அவர் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், வாசிக்க வராது. தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் ‘நங்கி’ என்பார். “நடுவுல இருக்கிறது எங்கம்மாவோட அண்ணன். மொகம் தெளிவா வரணும் அண்ணே” என்று சொல்லிவிட்டு, பூவுக்கும் பழத்துக்கும் கடைத்தெருவைச் சுற்றினேன். திரும்பி வந்தபோது பேனரைச் சுருட்டி, பழைய பத்திரிகையில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தார். வெளியே மழை. எங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

“நங்கி, ஒரு கொற இருந்திச்சு. நானே போட்டு சரி பண்ணிட்டேன். அதுக்கு சல்லி வாணாம்.”

கயிறு மாட்டும் ஓட்டைகளைச் சொல்கிறார் என்று நினைத்தேன். “ரொம்ப நன்றி அண்ணே.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “நல்ல மொகம். அம்மாவுக்கு மிச்சம் கவலையா இருக்கும், இல்ல?”

“ஆமாண்ணே, எத்தினியோ வருசமா கவலதான். நாளைக்கி வந்துருவாரு, அம்மாவுக்கு எல்லாம் சரியாயிரும்.”

நிமல் அண்ணன் சுருளை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். பிறகு மிக மெதுவாக, “ஆமா நங்கி. நல்ல காரியத்துக்கு அவங்க வருவாங்கதான். நம்ம கண்ணுக்குத் தெரியாது” என்றார்.

என்ன ஒரு ஆழமான மனிதர் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்தபோதும் மழை விடவில்லை. ஈரத்தில் பிரிக்க வேண்டாம், விடிந்ததும் கட்டலாம் என்றார் அப்பா. விடிந்ததும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் அண்ணன்மார் இரண்டு பேரோடு போய், ரோடு எங்கள் லயத்துக்குத் திரும்பும் முடக்கில் இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிவிட்டு வந்தார். “எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “யாருக்குத் தெரியும். பக்கத்துல நின்னவன் மொகமே தெரியல. ஒரே மூட்டம்” என்றார். நான் அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பட்டியலில் ‘பேனர்’ என்ற வரியை வெட்டிவிட்டேன்.

வெயில் ஏறி மூட்டம் கலையத் தொடங்கிய வேளையில் முடக்கிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் நாதஸ்வரக்காரர் வந்துவிட்டார் என்று நினைத்தோம். கொஞ்சம் கவனித்துக் கேட்டபோது அதில் வார்த்தைகள் இருந்தன.

“ராசு... எப்பய்யா போன... ஒரு சொல்லு சொல்லாமப் போனியே...”

கீழ் லயத்துப் பாப்பாத்தி அக்கா. மாமாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர். தோட்டத்தில் எந்தச் சாவுக்கும் முதலில் ஒப்பாரி வைப்பது அவர்தான், அதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அம்மா கையிலிருந்த ஆரத்தித் தட்டு கீழே விழுந்தது. ஓடினார். நான் சீப்போடு பின்னால் ஓடினேன்.

முடக்கில் சின்னக் கூட்டம். எல்லோரும் பட்டுடுத்தி, தலையில் பூ வைத்து, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மேலே, மூட்டம் விலகிய வெயிலில், என் பேனர். மெரூன் அச்சாக மெரூன். தங்கம் தகதகவென்று தங்கம். எண்கள் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. மேல் மூலையில் தாத்தா ரோஸ் சால்வையும் சிவந்த உதடுமாக, இப்போதுதான் முகம் கழுவி வந்தவர் மாதிரி இருந்தார். நடுவில் மாப்பிள்ளையைவிடப் பெரிதாக மாமா. கறுப்பு வெள்ளையில். கழுத்தைச் சுற்றி ஒரு மாலை. முகத்துக்குக் கீழே, நிமல் அண்ணன் சல்லி வாங்காமல் ஏற்றி வைத்த குத்துவிளக்கு, மஞ்சள் சுடரோடு எரிந்துகொண்டிருந்தது.

அம்மா பேனரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “எப்ப? ஏன் எங்கிட்ட மறைச்சீங்க? கல்யாணம் முடியட்டும்னா?”

“இல்லம்மா, மாமாவுக்கு ஒன்னுமில்ல. இது கம்பியூட்டர்ல வந்த கோளாறு—”

“எங்கண்ணன் போயிட்டாரு, நீ கம்பியூட்டர் கதை பேசுற.” அம்மா அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். “வெத்தல வச்சி கூப்பிட்டப்பகூட எம் மொகத்தப் பாக்கலையே. அதான் கடைசியா?”

பாப்பாத்தி அக்கா அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடியை எடுத்தார். நான் மாமாவின் நம்பரை அழுத்தினேன். எங்கள் முடக்கில் சிக்னல் கிடையாது. என் பட்டியல்களில் எதிலும் இதற்கு வழி இல்லை. கையில் சீப்பை வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் நின்றேன். வேறென்ன செய்ய.

அந்த நேரத்தில்தான் வேன் வந்தது.

மாமாவோடு வந்த அத்தை பிறகு சொன்னதை இங்கே சொல்லிவிடுகிறேன். மாமா வேனில் ஏறும்போதே ஒரு திட்டத்தோடுதான் ஏறினாராம். முறைக்குப் பெண்ணை மணவறைக்குக் கொண்டு விடுவது, சீரை வைப்பது, ஒரு வாய் சாப்பிடாமல், அம்மாவோடு ஒரு வார்த்தை பேசாமல், வேன் இறக்கிவிட்டுப் போய்விடும் என்பதால் அடுத்த பஸ்ஸிலேயே கிளம்புவது. வழி முழுக்க முகத்தைக் கல் மாதிரி வைத்துப் பழகிக்கொண்டே வந்திருக்கிறார்.

வேன் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை, புது வேட்டி, கல் முகத்தோடு மாமா இறங்கினார். பாப்பாத்தி அக்காவின் ஒப்பாரி பாதிச் சொல்லில் நின்றது. அம்மா தலையை நிமிர்த்தினார்.

எங்கள் அம்மா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை, அன்றைக்கு இரண்டு தடவை பார்த்தேன். போய் மாமாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகத்தைத் தொட்டார், தோளைத் தொட்டார், பிறகு அதே தோளில் பட்டுப் பட்டென்று அடித்தார். “இருக்கியாண்ணே. இருக்கியா. எங்கிட்டப் பேசாமப் போயிருவியா நீ. போயிருவியா.”

இத்தனை வருடச் சண்டைக்குத் தயாராகி வந்த மனிதர், இதற்குத் தயாராகி வரவில்லை. கல் முகம் எங்கே போனதென்று தெரியவில்லை. “ஏய் லெச்சுமி. என்னா புள்ள. நான் எங்க போனேன். இந்தாதானே இருக்கேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மாவின் தலைக்கு மேலாக நிமிர்ந்தபோதுதான் பேனரைப் பார்த்தார்.

இந்த மனிதர் பெயர் விடுபட்ட ஒரு நோட்டீஸுக்காக இத்தனை வருடம் வராதவர். இப்போது பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, மாலை இருக்கிறது, விளக்கும் இருக்கிறது.

மாமா மேலே இருந்து கீழே வரை பார்த்தார். தாத்தாவைப் பார்த்தார். தன்னைப் பார்த்தார். மறுபடியும் தாத்தாவைப் பார்த்தார்.

“செத்த மனுசன் மாப்பிள்ள மாதிரி இருக்காரு” என்றார். “எனக்கு மட்டும் ஏன்டா வெளக்கு?”

அப்பா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கையை உயர்த்தினார். “மச்சான், இந்தத் தடவ நான் இல்ல.”

முதலில் சிரித்தது அத்தை. பிறகு மாமா. அம்மா அழுதுகொண்டே சிரித்தார், அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. நான் முன்னால் போய், டிரைவர், மொனிட்டர், கார்ட், எண்கள் என்று வரிசையாக விளக்கத் தொடங்கினேன். மாமா பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“புரியல. ஆனா படிச்ச புள்ளதான் செஞ்சிருக்குன்னு மட்டும் புரியுது.” பிறகு பாப்பாத்தி அக்காவின் பக்கம் திரும்பினார். “பாப்பாத்தி, மிச்சத்த வச்சுக்க. நான் இன்னும் சாப்பிடல.”

“நல்லாத்தான் வந்துகிட்டு இருந்திச்சு” என்றார் பாப்பாத்தி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவருக்கு உண்மையிலேயே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். “செத்தாலும் தாய்மாமன் நான்தான். பொண்ணு எங்க?”

அக்காவை அவர்தான் கைபிடித்து மணவறைக்குக் கொண்டு வந்தார். பேனரைக் கழற்ற நேரம் இருக்கவில்லை. அதனால் நாள் முழுக்க முடக்கில் இறங்கிய ஒவ்வொரு உறவும் முதலில் கண் கலங்கி, மண்டபத்துக்குள் வந்து, மாமா சாம்பாருக்குக் குரல் கொடுப்பதைப் பார்த்து மிரண்டு நின்றது. கடைசியில் அவரே ஒரு கதிரையை எடுத்துப்போய் பேனருக்குக் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்களுக்கெல்லாம், “வாங்க வாங்க, நான் நல்லாத்தான் இருக்கேன், போயி சாப்பிடுங்க” என்றார். சாப்பிட்டார். அடுத்த பஸ்ஸை விட்டார், அதற்கடுத்ததையும் விட்டார். அன்றிரவு எங்கள் வீட்டில்தான் தங்கினார்.

கல்யாண வேலைகள் ஓய்ந்ததும் நான் மறுபடி கணினிக்கு முன் உட்கார்ந்தேன். தோல்வியோடு என்னால் தூங்க முடியாது. எழுத்துச் சின்னதாக இருக்கிறது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், அதைப் பெரிதாக்குவதற்காகப் பார்வை குறைந்தவர்களுக்கான வசதிகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். அங்கே ‘நிற வடிகட்டி’ என்று ஒரு சுவிட்ச். போடப்பட்டிருந்தது. பக்கத்திலேயே அதற்கான குறுக்கு விசை எழுதியிருந்தது. விண்டோஸ், கன்ட்ரோல், சி. நான் அழுத்த நினைத்த பி-க்கு இரண்டு விசை தள்ளி. என் நண்டுக் கை, டிரைவரை எழுப்பப் போன வழியில், இதையும் தட்டிவிட்டிருக்கிறது. புதிய டிரைவர் கொஞ்சம் சிமிட்டியது, அவ்வளவுதான் அது செய்த குற்றம். மொனிட்டர் நிரபராதி, கார்ட் நிரபராதி, தலையில் சுமந்துவந்த சாந்தி டீச்சரின் மொனிட்டர் இரட்டை நிரபராதி. சுவிட்சை அணைத்தேன். மலை பச்சையாயிற்று. அக்காவின் சேலை சிவந்தது. மாமா மட்டும் அப்படியே கறுப்பு வெள்ளையில் இருந்தார், அது நான் செய்தது அல்லவா.

அந்த பேனரை மாமா தெமோதரைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்போது அது அவர் கடைக்குப் பின்னால் விறகு அடுக்கின் மேல் மழைக்கு மூடிக் கிடக்கிறது, முகம் மேலே பார்த்தபடி, விளக்கோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் வரும். எடுத்ததும், “மேலேருந்து பேசுறேன்” என்பார். அம்மா தவறாமல், “அங்க சாப்பாடெல்லாம் எப்படிண்ணே?” என்று கேட்பார். நான் கணினியை எதற்குத் திறந்தாலும் வீட்டில் யாராவது ஒருவர் என் கையில் பிளேன்டீ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். நிமல் அண்ணனுக்கு மட்டும் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. கடைக்குப் போகும்போதெல்லாம் “அம்மா தேறிட்டாங்களா?” என்று கேட்கிறார். “தேறிட்டாங்கண்ணே” என்கிறேன். அது உண்மைதானே.

போன மாதம் மாமா எனக்கே நேரடியாகப் போன் எடுத்தார். கடையைப் பெரிதாக்கியிருக்கிறார், திறப்பு விழாவுக்கு ஒரு பேனர் வேண்டுமாம். நான் பேனா எடுத்து வைத்துக்கொண்டு, அளவு, எழுத்து, படம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

“படம் இந்தத் தடவ கட்டாயம் கலர்ல வரும் மாமா. நானே ரெண்டு தடவ பாக்கிறேன்.”

அந்தப் பக்கம் தராசுத் தட்டு ஆடும் ஓசை கேட்டது.

“வேணாம் பவி. கறுப்பு வெள்ளையிலயே போடு. அப்பத்தான் ஒங்கம்மா ஓடி வருவா.”